அமோனியா குறைஞ்சது சரி, அது எங்கே போச்சு?

பிப்ரவரி 9, 2025: வாசகர் கேள்வி

"கோபிசெட்டிபாளையம் பக்கம் பத்து சென்ட்ல தார்ப்பாய்க் குளம் வெச்சிருக்கேன். பவானிசாகர்ல வாங்கின கிஃப்ட் திலேப்பியா மீன். ஒரு மாசமா அமோனியா ஏறிட்டே இருக்கு. டைட்டானியம்னு ஒரு வெள்ளைப் பொடி, தண்ணில கலந்து வெயில்ல விட்டா அமோனியா காத்தா மாறிப் போயிருமாம், வீடியோல பார்த்தேன். நம்மூரு வெயிலுக்குக் கேக்கவா வேணும்! கிலோ என்ன விலை, எத்தனை போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

பிப்ரவரி 9, இரவு

முதல்ல ஒண்ணு. குளத்துல போடாதீங்க. மீன் இருக்குற தண்ணில எந்தப் பொடியும் போட வேண்டாம். மத்ததைப் பொறுமையா எழுதுறேன்.

இன்னைக்கே செய்யுறதுக்கு: ரெண்டு நாளைக்குத் தீவனத்தை நிறுத்துங்க. 32 சதம் புரதம் இருக்குற தீவனம் ஒரு கிலோ போட்டா சுமார் 30 கிராம் நைட்ரஜன் அமோனியாவா தண்ணிக்கு வரும். தினம் அஞ்சு கிலோ போட்டீங்கன்னா 150 கிராம். அது எங்கயும் போகாம குளத்துக்குள்ளயே சேருது.

அடுத்தது, சாயங்காலம் நாலு மணிக்கு பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு) பாருங்க, காலைல பார்த்து ஏமாந்துறாதீங்க. பகல் முழுக்கப் பாசி தண்ணில இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும், பிஎச் ஏறும். டெஸ்ட் கிட்ல காட்டுற அமோனியா மொத்தக் கணக்கு. அதுல மீனைக் கொல்லுறது அமோனியம் அயனியா மாறாம நிக்கிற பங்குதான். பிஎச் 7ல அது நூத்துக்கு ஒண்ணு கூட இல்லை. 30 டிகிரி சூட்டுல பிஎச் 9ன்னா கிட்டத்தட்டப் பாதி. ஒரே குளம், ஒரே ரீடிங், காலைல மீனு நல்லா இருக்கும், சாயங்காலம் செவுளு வெந்து கெடக்கும்.

பிப்ரவரி 10

பொடி விஷயம். வீடியோக்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதுல அனடேஸ்னு ஒரு படிக வகை. அதுமேல சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற ஒளி, அதாவது புற ஊதா, விழுந்தா உள்ள இருக்குற எலக்ட்ரான் எகிறி மேல போயிரும். அது இருந்த எடத்துல ஒரு துளை நிக்கும். அந்தத் துளை பக்கத்துல இருக்குற தண்ணிகிட்ட எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். ஹைட்ராக்சில் ரேடிக்கல் கைல கிடைச்சதை எல்லாம் ஆக்சிஜனேற்றம் பண்ணிரும். பொடி தீராது, ஒளி விழுற வரைக்கும் வேலை நடக்கும். டோக்கியோவுல ஃபுஜிஷிமா மாணவரா இருந்தப்ப, 1967ல, தண்ணிக்குள்ள வெச்ச டைட்டானியம் டை ஆக்சைடு மேல ஒளி பட்டுக் குமிழ் வர்றதைப் பார்த்தாரு. அவரும் ஹோண்டாவும் 1972ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. இந்தத் துறை மொத்தமும் அங்க இருந்து கிளம்பினதுதான்.

நம்ம வெயிலு. சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. வெயில்ல வர்ற சக்தில நூத்துக்கு நாலஞ்சு பங்குதான் புற ஊதா. தோல் உரியுற வெயிலா இருந்தாலும் அந்தப் பொடி தொட்டுக்கிறது அந்த நாலஞ்சுதான்.

இன்னொண்ணு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் தாக்குறது அமோனியாவை. அமோனியம் அயனியா இருந்தா ஏறக்குறைய சீண்டாது. அதனால பிஎச் 9க்கு மேல இருந்தாத்தான் வேலை வேகமா நடக்கும். மீன் சாகுற பிஎச்சும் அதேதான்.

பிப்ரவரி 15

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு ஒருத்தர் கேட்டிருந்தார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு துணி பிரிண்டிங் யூனிட்ல ஈ.டி.பி. (கழிவுநீரைச் சுத்தம் பண்ற எடம்) லேப் பார்க்கிறேன், பதினாலு வருஷமா. துணில ரியாக்டிவ் சாயம் அச்சடிக்க பேஸ்ட்ல யூரியா போடுவாங்க. கிலோ பேஸ்ட்டுக்கு 100ல இருந்து 200 கிராம் வரைக்கும். ஸ்டீமர்ல போறப்ப துணில ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு சாயத்தை நூலுக்குள்ள இறக்கி விடுறது அதோட வேலை. வேலை முடிஞ்சதும் வாஷிங்ல அத்தனையும் தண்ணியோட வந்துரும். வயலுக்குப் போடுற அதே யூரியாதான், நூத்துக்கு 46 பங்கு நைட்ரஜன்.

புதுசா சேர்ந்தப்ப எனக்கு ஒரு குழப்பம். சாயங்காலம் எடுத்த சாம்பிள்ல அமோனியா லிட்டருக்கு 8 மி.கி. காட்டும். அதே டேங்குல மறுநாள் எடுத்தா 60. யாரும் எதுவும் கொட்டலை. சாம்பிள் பாட்டில் மாறிப் போச்சுன்னு ஒரு வாரம் ஹெல்ப்பர் தம்பியைச் சந்தேகப்பட்டேன், பாவம். யூரியா அமோனியா டெஸ்ட்ல தெரியாது. ராத்திரி பூரா பாக்டீரியா அதை உடைச்சு அமோனியாவாக்குது, காலைல தெரியுது. கெல்டால்னு ஒரு டெஸ்ட் பண்ணினாத்தான் முழு நைட்ரஜனும் முன்னாடியே கணக்குக்கு வரும். அன்னைல இருந்து அமோனியா ரீடிங்கை மட்டும் பார்த்து நான் எதையும் நம்புறதில்லை.

பாக்டீரியா வளர்க்குற பயாலஜிக்கல் டேங்க் பெரும்பங்கைத் தின்னுரும். மிச்சம் லிட்டருக்கு 50 மி.கி. பக்கத்துல நிக்கும். ஆத்துல விட மத்திய அரசு போட்ட பொது வரம்பும் 50தான். குடிக்கிற தண்ணிக்கு இந்திய தர நிர்ணயம் சொல்லுறது 0.5. நூறு மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளி என்னைத் தூங்க விடாது. அதனால வீட்டு மொட்டை மாடில நாலு எவர்சில்வர் ட்ரே வெச்சு நானே பார்த்துரலாம்னு ஆரம்பிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம்.

பிப்ரவரி 16

முதல் ட்ரே. யூனிட்ல காதி பிரிண்ட்டுக்கு வெச்சிருக்குற டைட்டானியம் வெள்ளையைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். காலைல எட்டுல இருந்து அஞ்சு வரைக்கும் வெயில்ல. மெத்திலீன் நீலம்னு ஒரு சாயம் (பொடி வேலை செஞ்சா வெளுத்துரும்) கலந்து ஒரு ட்ரே, அமோனியா கலந்து ஒரு ட்ரே. நீலம் நீலமாவே இருக்கு.

பிப்ரவரி 17

காரணம் கிடைச்சுது. "பெயிண்ட் கடைல டைட்டானியம் மலிவா கிடைக்குமே"ன்னு கேட்ட ரெண்டு பேருக்கும் இதே பதில்.

பெயிண்டுக்கும் பிரிண்டுக்கும் வர்ற டைட்டானியம் பெரும்பாலும் ரூட்டைல்ங்கிற இன்னொரு படிக வகை, அதுலயும் ஒவ்வொரு துகளுக்கும் மேல அலுமினா, சிலிக்கா பூச்சு இருக்கும். ஏன்னா டைட்டானியம் வெயில்ல வேலை செஞ்சா பெயிண்டையே தின்னு செவுரு சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஒளி பட்டா சும்மா இருக்கணும்னே செஞ்ச பொடி அது. அதை வெயில்ல வெச்சு வேலை செய்யச் சொன்னா எப்படிச் செய்யும்! மூலப்பொருள் நம்ம மணவாளக்குறிச்சி கடல் மணல்ல கிடைக்கிற இல்மனைட்தான், ரெண்டுக்கும் ஒண்ணுதான். முடிக்கிற விதத்துல ஆகாயம் பூமி வித்தியாசம். லேப் கெமிக்கல் கடைல பூச்சில்லாத அனடேஸ் சொல்லி வெச்சிருக்கேன்.

பிப்ரவரி 23

வேலை செய்யுது!

அனடேஸ் போட்ட ட்ரேல மத்தியானத்துக்குள்ள மெத்திலீன் நீலம் வெளுத்துருச்சு. பக்கத்துல பொடி போடாத ட்ரே அப்படியே நீலம்.

அமோனியா ட்ரே: ஒரு செ.மீ. ஆழம், அறுநூறு மில்லி, பிஎச் 10. காலைல 50 மி.கி., சாயங்காலம் 19. நெஸ்லர்னு அமோனியாவை நிறத்துல காட்டுற டெஸ்ட் திரவம் ஊத்தினப்ப காலை சாம்பிள் கொளம்புத் தண்ணி நிறம், சாயங்காலச் சாம்பிள் மஞ்சள் கரைச்ச வாசத் தண்ணி மாதிரி வெளிர் மஞ்சள். ரெண்டு குழாயையும் சன்னல் வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டே நின்னேன். ஒரே நாள்ல 60 சதத்துக்கு மேல. காசு இல்லாத வெயில்ல.

பிப்ரவரி 24

நேத்து எழுதினதை நம்பாதீங்க. அழிக்காம விடுறேன், மத்தவங்களும் இதே எடத்துல விழக்கூடாதுங்கிறதுக்காக.

அமோனியாவுக்குப் பொடி போடாத ட்ரே ஒண்ணும் வெச்சிருந்தேன். நேத்து சந்தோஷத்துல அதை டெஸ்ட் பண்ணவே இல்லை. மூடி வெச்ச சாம்பிளை இன்னைக்குப் பார்த்தா 23. பொடி போட்டது 19, போடாதது 23. பொடி செஞ்ச வேலை அந்த நாலு மட்டும்தான், அதுவும் டெஸ்ட் பிழைக்குள்ள அடங்கிரும்.

மீதி காத்துல போயிருச்சு. பிஎச் 10ல அமோனியா வாயுவாத்தான் இருக்கும். ஒரு செ.மீ. தண்ணி, அகலமான ட்ரே, மொட்டை மாடிக் காத்து. தண்ணில இருந்து கிளம்பி நேரா வானத்துக்கு.

அம்மாகிட்டச் சொன்னேன். "ஏங்கண்ணு, நேத்து துணி எடுக்க மேல போனனே, கட்டுத்தரை கூட்டுற மாதிரி கண்ணு எரிஞ்சுதே. உன்ற ட்ரேயத்தான் சொல்லோணும்னு நெனச்சு மறந்துட்டேன்" அப்படின்னாங்க. மாட்டு மூத்திரம் தேங்கின கட்டுத்தரைல விடிகாலைல குனிஞ்சா மூக்குல ஏறுமே, அதே வாசம். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்குள்ள நுழைஞ்சவங்களுக்கும் தெரியும். கருவி எதுவும் இல்லாம அம்மா கண்டுபிடிச்சதை நான் ஒரு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சேன்.

தண்ணில குறைஞ்சதுன்னா தீர்ந்துச்சுன்னு ஆகாது. காத்துல போன அமோனியா பக்கத்துத் தோட்டத்துலயோ ஏரிலயோ மழையோட மறுபடி இறங்கும். வீடியோல காட்டுற டப்பா திறந்திருந்தா முதல்ல அதைக் கேளுங்க: இருட்டுல வெச்ச டப்பா என்ன ஆச்சு? பொடி போடாத டப்பா என்ன ஆச்சு?

மார்ச் 2

காத்து போகாம மூடினேன். ஷெட்டுக்குப் போட்டு மிஞ்சின பாலிகார்பனேட் ஷீட்டை அறுத்து, ஓரத்துல சிலிக்கான் வெச்சு அடைச்சேன். சாயங்காலம் 50க்கு 49. மெத்திலீன் நீலமும் வெளுக்கலை.

பாலிகார்பனேட் நம்ம கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி, புற ஊதாவுக்குச் செவுரு. எந்த ஒளி வேணுமோ அதையே நிறுத்திப்புட்டேன். பசுமைக்குடில்ல இதைச் செஞ்சு பார்க்கலாம்னு எழுதின சத்தியமங்கலம் நண்பருக்கு: உங்க ஷீட்டும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பார்த்துக்குங்க. சாதாரண சன்னல் கண்ணாடி தேவலை, நமக்கு வேண்டிய பகுதில பெரும்பங்கை விடும்.

மார்ச் 9

கண்ணாடி போட்டு மூடியாச்சு. இந்தத் தடவை நாலு ட்ரேயும் ஒழுங்கா: பொடியும் வெயிலும், பொடி மட்டும் இருட்டுல, வெயில் மட்டும், ரெண்டும் இல்லாதது. கடைசி மூணும் 49லயே நின்னுச்சு. பொடியும் வெயிலும் சேர்ந்தது 41.

50ல இருந்து 41. இதுதான் உண்மையான நம்பர். ஒரு நாளைக்கு ஒன்பது மி.கி. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு கொண்டாடின 31ஐ விட இந்த ஒன்பது எனக்குப் பெருசு, ஏன்னா இதுல பெரும்பங்கு நிஜமாவே ஒளி செஞ்சது.

அடுத்த கேள்வி, அந்த ஒன்பது எங்கே போச்சு? நைட்ரைட் பார்த்தேன், நைட்ரஜன் கணக்குல 2. நைட்ரேட் 5. மிச்சம் 2 கணக்குல வரலை. அது நைட்ரஜன் வாயுவா போயிருக்கலாம், சிலிக்கான் ஓட்டைல கசிஞ்சிருக்கலாம், என் டெஸ்ட் பிழையாவும் இருக்கலாம். வீடியோல சொன்ன "காத்தா மாறிரும்"ங்கிறது அதிகபட்சம் அந்த ரெண்டுதான்.

நைட்ரேட்டை நல்லதுன்னு நெனச்சுறாதீங்க. குடிநீர்ல நைட்ரேட் 45 மி.கி.க்கு மேல இருக்கக்கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கரைச்சுக் குடுத்தா ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம உடம்பு நீலம் பாரிக்கும். நைட்ரைட் இன்னும் மோசம், மீனுக்கும் அதே கதி, ரத்தம் பழுப்பாயிரும். அமோனியாவை நைட்ரேட்டாக்குறதுன்னா இந்த வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புற மாதிரி.

பிஎச்சும் சாயங்காலம் 9.1க்கு இறங்கியிருந்துச்சு. ஆக்சிஜனேற்றம் நடக்க நடக்க அமிலம் உண்டாகும், பிஎச் இறங்க இறங்க அமோனியா அமோனியமா மாறும், வேலை மந்தமாகும். தன் கழுத்தைத் தானே நெரிச்சுக்குற வினை.

மார்ச் 10

நெஸ்லர் பத்தித் தனியா, நிறைய பேர் கேட்டதால. போர் தண்ணில நேரா ஊத்தாதீங்க. நம்ம பக்கம் தண்ணி உப்பும் கடினமும். கால்சியம், மக்னீசியம் இருந்தா நெஸ்லர் கலங்கும், கலங்கலை மீட்டர் அமோனியான்னு படிச்சிரும். ரோஷல் உப்பு கொஞ்சம் போட்டா கலங்காது. டைட்டானியம் பொடி மிச்சம் இருந்தாலும் கலங்கல்தான், நல்ல ஃபில்டர்ல வடிகட்டணும்.

நெஸ்லர்ல பாதரசம் இருக்கு. டெஸ்ட் முடிஞ்ச தண்ணியை வாஷ்பேசின்ல ஊத்தாம தனி பாட்டில்ல சேர்த்து வையுங்க. அமோனியா மாசைப் பார்க்கிறேன்னு பாதரசத்தை விட்டுறக் கூடாது. வீட்டுல பார்க்கிறவங்களுக்கு சாலிசிலேட் கிட் போதும், பச்சை நிறம் வரும், பாதரசம் இல்லை.

மார்ச் 16

டைட்டானியத்தோட பிளாட்டினம் சேர்த்தா நைட்ரேட் குறையுமான்னு கேட்டவருக்கு. ஆமாங்க, டைட்டானியம் மேல பிளாட்டினமோ பல்லேடியமோ துளி துளியா ஒட்ட வெச்சா நைட்ரேட்டுக்குப் போறது குறைஞ்சு நைட்ரஜன் வாயுவா போறது கூடும்னு ஆய்வுக் கட்டுரைகள்ல இருக்கு. என் மாடில அதுக்கு வழியில்லை. நகைக்கடை விலைப் பொருளை ஈ.டி.பி. டேங்குல கரைச்சு ஊத்த எந்த முதலாளியும் ஒத்துக்க மாட்டாரு.

தண்ணில குளோரைடு இருந்தா வேற பாதையும் உண்டு. துளை குளோரைடைத் தாக்கி குளோரின் ரேடிக்கல் உண்டாகும், அது அமோனியாவைக் குளோரமின் வழியா நைட்ரஜன் வாயு ஆக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டு அமோனியாவை அடிக்கிற பழைய முறையோட தங்கச்சி. அந்தப் பழைய முறைல ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கணக்குப்படி 7.6 பங்கு குளோரின் போகும். நடுவுல நிக்கிற குளோரமின் மீனுக்கு விஷம். கோபி அண்ணா, குறிப்பா நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

மார்ச் 30

யுகாதி லீவுல உக்காந்து கணக்குப் போட்டேன்.

ஒரு செ.மீ. ஆழம்னா ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர். லிட்டருக்கு 9 மி.கி.ன்னா சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 0.09 கிராம் நைட்ரஜன். எங்க யூனிட்ல ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர், 50 மி.கி. மொத்தம் அஞ்சு கிலோ. அஞ்சு கிலோவை 0.09 கிராமால வகுத்தா 55,000 சதுர மீட்டருக்கு மேல. பதிமூணு ஏக்கருக்கு மேல கண்ணாடி போட்ட ட்ரே. மேகம் வந்தா அதுவும் இல்லை.

விழுற புற ஊதா எத்தனைன்னு தோராயமாப் போட்டுப் பார்த்தா, என் ட்ரேல இறங்கின ஒளில நூத்துக்கு ஓரிரண்டுதான் அமோனியா மேல வேலை செஞ்சிருக்கு. மீதி எலக்ட்ரானும் துளையும் மறுபடி தங்களுக்குள்ளயே சேர்ந்து சூடாப் போயிருது. போதாக்குறைக்கு நான் வெச்சது காய்ச்சி வடிச்ச தண்ணி. நிஜக் கழிவுநீர்ல சாயம் ஒளியை மறைக்கும், பைகார்பனேட் ரேடிக்கலைத் தின்னும். நம்ம போர் தண்ணில பைகார்பனேட்டுக்கா பஞ்சம்.

கணக்கு முடிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு. ஒளிக் கதிர்னு கேட்டாலே ஒரு சுத்தம் தெரியும் எனக்கு, சின்ன வயசுல இருந்து. அது இவ்வளவு மெதுவா வேலை செய்யும்னு ஏத்துக்க ரெண்டு நாள் ஆச்சு.

ஏப்ரல் 6

"இந்தப் பொடியை நொய்யல்ல போட்டா சுத்தமாயிருமா?" இல்லைங்க. நொய்யலைக் கெடுத்தது முக்கியமா உப்பு. சாயப்பட்டறைல சாயம் ஏத்தப் போட்ட உப்பு. ஒளி வினையூக்கி, அதாவது ஒளில வேலை செய்யுற இந்த மாதிரிப் பொடி, உப்பைத் தொடவே தொடாது. பாசனத்துக்குன்னு கட்டி 1992ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்குற குட்டையாகி, கீழ இருந்த விவசாயிங்களே தண்ணி விடாதீங்கன்னு கேக்குற நிலைமை வந்துச்சு. 2011 ஜனவரில உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுன்னு ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் வந்ததும் உப்புக்காக.

எங்க அப்பாரு காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்துல மஞ்சள் வெச்சவர். பதிமூணாம் நூற்றாண்டுல வெட்டின வாய்க்கால், பவானில ஆரம்பிச்சுக் கொடுமுடிப் பக்கம் வரைக்கும் போகுது. அவரு அதுல குனிஞ்சு கைல அள்ளிக் குடிப்பாராம். நான் காலேஜ் போற காலத்துல அதே கரைல துண்டை மூக்குல கட்டிட்டுத்தான் மடை திறப்பாரு. தோல் பட்டறைல தோலுக்கு ஏத்தின சுண்ணாம்பை இறக்க அமோனியம் சல்பேட் போடுவாங்க, அமோனியா வாசம் அங்க இருந்தும் வரும். இப்ப கழிவுக்குன்னு பக்கத்துலயே பேபி வாய்க்கால் ஓடுது. நான் கெமிஸ்ட்ரி எடுத்ததே அந்தத் துண்டைப் பார்த்துத்தான்.

ஏப்ரல் 20

எல்.இ.டி. பல்புல நடக்குமான்னு ஒரு மாணவர். சாதாரண வெள்ளை பல்புல டைட்டானியத்துக்கு நடக்காது. கண்ணுக்குத் தெரியுற ஒளில வேலை செய்யுற பொடிகளும் உண்டு. யூரியாவையோ மெலமினையோ மூடின மூசைல 550 டிகிரி பக்கம் சுட்டா மஞ்சளா ஒரு பொடி வரும், கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடுன்னு பேரு. சுமார் 460 நானோமீட்டர் வரைக்கும், அதாவது நீல ஒளியையும் பிடிக்கும். வீட்டுல செய்யாதீங்க தம்பி, யூரியா சுடுறப்ப அமோனியாவே புகையா வரும். அமோனியாவை ஒழிக்கிற பொடி செய்ய அமோனியாவை விடணுமான்னு யோசிச்சுப் பாருங்க. லேப்ல புகைக்கூண்டுக்குள்ள, சார் கூட நின்னு செய்யுங்க.

மே 11

மூணு வாரமா எழுதலை. மாடில ட்ரே வைக்கலை, கீழ பிரிண்டிங் ஹால்ல நின்னேன்.

பதிமூணு ஏக்கர் கணக்கு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. பொடி, வெயில்னு வால்ல நின்னு பார்க்கிறேன், தலைல இருந்து மூட்டை மூட்டையா யூரியா இறங்குது. பிரிண்டிங் மாஸ்டர்கிட்டப் போய்க் கேட்டேன், "அண்ணா, கிலோ பேஸ்ட்டுக்கு இந்த 150 கிராம் யூரியா யாரு சொன்னதுங்க?"

"ஏனுங் அம்மிணி, எங்க குரு சொன்னதுங்க. அவருக்கு அவரோட குரு."

"120 போட்டுப் பார்க்கலாமாங்க?"

அவரு பேஸ்ட் கிண்டுற குச்சியை எடுத்து நட்டுக்குத்தலா நிறுத்தினாரு. "இது சாய்ஞ்சாலும் பரவால்லீங், ஷேடு சாய்ஞ்சா பார்ட்டி சும்மா உடுவாங்களா?"

மூணு நாள் கெஞ்சி, வீணான துணில மட்டும்னு ஒத்துக்கிட்டாரு. ஸ்டீமருக்குள்ள போறதுக்கு முன்னாடி துணில லேசாத் தண்ணி தெளிச்சோம், யூரியா பிடிச்சு வைக்கிற ஈரத்தை நேராவே குடுக்க. 130ல வித்தியாசம் தெரியலை. 110லயும் தெரியலை. 90ல சிவப்பும் கருப்பும் நின்னுச்சு, டர்க்காய்ஸ் மங்கிப் போச்சு. மாஸ்டர் துணியை வெளிச்சத்துல பிடிச்சு, கட்டைவிரல்ல தேய்ச்சு, முகர்ந்துகூடப் பார்த்தாரு. "நூத்திப்பத்து. அதுக்குக் கீழ எறங்கமாட்டேன்."

கிலோ பேஸ்ட்டுக்கு 40 கிராம் யூரியா மிச்சம், 18 கிராம் நைட்ரஜன். நாளைக்கு 300 கிலோ பேஸ்ட் ஓடுது. அஞ்சரைக் கிலோ நைட்ரஜன் தண்ணிக்கே வராம நின்னுருச்சு. பதிமூணு ஏக்கர் ட்ரே செய்ய வேண்டிய வேலை, ஒரு ஸ்ப்ரே குழாயும் மாஸ்டரோட கட்டைவிரலும் செஞ்சிருச்சு.

இயற்கை எரிவாயுவைச் செலவழிச்சு, காத்துல இருக்குற நைட்ரஜனை அமோனியாவாக்கி, யூரியாவாக்கி, லாரில ஏத்தி, துணில தடவி, கழுவி, அப்புறம் அதை மறுபடி காத்து நைட்ரஜனாக்கக் கரண்ட் செலவு பண்ணுறோம். ஏறாத யூரியாவை இறக்க வேண்டியதில்லை.

ஜூன் 8

மே 11 குறிப்பைப் படிச்சுட்டு "அப்போ ஒளி வினையூக்கி வேஸ்ட்டா?"ன்னு ரெண்டு பேர். அப்படி நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். எங்க வைக்கணும்னு தேடுறேன்.

பிப்ரவரில எனக்குத் தோணாத ஒரு எடம் இப்பத் தோணுது. எவாப்பரேட்டர்ல உப்புத் தண்ணியைக் காய்ச்சினா உப்பு கீழ நிக்கும், ஆவி மேல போய் தண்ணியா இறங்கும். தண்ணி காரமா இருந்தா அமோனியாவும் ஆவியோட சேர்ந்தே வந்துரும். அந்தத் தண்ணியைக் கைல ஏந்தினா பளிங்கு மாதிரி இருக்கும், வாசம் மட்டும் அடிக்கும். அதுல சாயம் இல்லை, உப்பு இல்லை, ரேடிக்கலைத் தின்னுற பைகார்பனேட்டும் சொற்பம், பிஎச் ஏற்கெனவே ஏறி நிக்குது. என் மாடி ட்ரேல வெச்ச தண்ணிக்கு ரொம்பக் கிட்ட இருக்குறது ஆலை முழுக்க அது ஒண்ணுதான். பொடியைத் தண்ணில கலக்காம கண்ணாடித் தட்டுல பூசி வெச்சா திரும்ப வடிகட்டுற பாடும் இல்லை.

ஜூன் 10

மேல எழுதினதுல ஒரு திருத்தம். அதே தண்ணியை மூடின கோபுரத்துல காத்தடிச்சு, வர்ற அமோனியாவை கந்தக அமிலத்துல பிடிச்சா அமோனியம் சல்பேட், உரம். பிப்ரவரில என் ட்ரேல இருந்து காத்து தூக்கிட்டுப் போனதே, அதையே மூடி வெச்சுப் பிடிக்கிறது. அடர்த்தி அதிகமா இருந்தா அதுதான் சரி. ஒளிக்கு மிச்சம் இருக்குறது கடைசி அஞ்சு, பத்து மி.கி. அந்தக் கடைசித் துளிக்கு அமிலக் கோபுரம் திணறும். அங்க நைட்ரேட்டா மாறினாலும் அளவு சின்னது. இப்போதைக்கு என் நம்பிக்கை அங்க நிக்குது.

ஆகஸ்ட் 3

ஆடி பதினெட்டு. பவானி கூடுதுறைல கூட்டம், போயிட்டு வந்தேன். மாடில இன்னைக்கு ட்ரே வெச்சிருந்தா ஆடிக் காத்து ட்ரேயவே தூக்கியிருக்கும்.

கோபி அண்ணா போன வாரம் எழுதியிருந்தார். தீவனத்தைப் பாதியாக்கி, ஏரேட்டர் ராத்திரி பூரா ஓட விட்டு, ஒரு டிரம்ல ஜல்லியும் பழைய வலையும் போட்டுத் தண்ணியைச் சுத்த விட்டிருக்கார். அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா அதுல பிடிக்க மூணு வாரத்துக்கு மேல ஆச்சாம், நடுவுல நைட்ரைட் ஏறினப்ப கல்லுப்பு போட்டுச் சமாளிச்சாராம். இப்ப சாயங்கால அமோனியா 0.5க்குக் கீழ. "தண்ணி பச்சையா இருக்கு, அதை எடுக்க ஏதாச்சும் பொடி இருக்கா?"ன்னு கேட்டிருக்கார்.

அந்தப் பச்சையை எடுக்காதீங்க அண்ணா. அது பாசி. வெயிலைக் குடிச்சு, உங்க குளத்து அமோனியாவைத் தின்னு, உடம்பாக்கிக்கிட்டு இருக்குது. மீன் அதைத் தின்னும். கை முழங்கை வரைக்கும் தண்ணில விட்டா உள்ளங்கை மங்கலாத் தெரியணும், அந்த அளவுக்கு இருக்கட்டும். தெரியவே இல்லைன்னா கொஞ்சம் தண்ணி மாத்துங்க, மாத்தின தண்ணியைத் தென்னைக்குப் பாய்ச்சுங்க.

எவாப்பரேட்டர் தண்ணி அஞ்சு லிட்டர் கேன்ல வீட்டுக்கு வந்திருக்கு. கண்ணாடித் தட்டுல அனடேஸ் பூசிக் காய வெச்சிருக்கேன். ஆவணில காத்து அடங்கினதும் நாலு ட்ரே, கண்ணாடி மூடி, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் சேர்த்துப் பார்த்துட்டு இங்கயே எழுதுறேன்.